வேப்பூர் சம்பந்தமும் செகண்ட்ஸ் கப்புகளும்

விருத்தாசலம்,
ஞாயிறு, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு.

தம்மாமில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் அசீம் அவர்களுக்கு, கியாசுதீன் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் தங்கை அஜீஸாவும் உங்கள் மருமகள் ஷிபானாவும் உடல் நலம். மன நலம் பற்றிக் கீழே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசி அனுப்புவதெல்லாம் எப்படியோ குடும்பக் குரூப்பில் போய் விழுகிறது. அதில் வேப்பூர்க்காரர்களையும் நீங்கள் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். ஆகவே புதன்கிழமை அங்கே வரும் கம்மாபுரம் கொளஞ்சிநாதன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மச்சான், நீங்கள் பார்த்துக் கொடுத்த வேப்பூர் ஓட்டல்காரர் பதுருதீன் பாய் வீட்டுச் சம்பந்தம் நேற்று என் வீட்டில் டீ குடித்த இடத்தில் முறிந்தது. தப்பு யார்மேல் என்று கேட்டால், நம்ம ஊர் வழக்கத்தின்மேல். பீங்கான் பட்டறை வைத்திருப்பவன் வீட்டில் நல்ல கப்பு இருந்து நீங்கள் பார்த்ததுண்டா? ஒழுங்காக வெந்தது லாரி ஏறிப் போகும், கைப்பிடி கோணினதும் விளிம்பு நெளிந்ததும் செகண்ட்ஸ் என்று வீட்டுக்கு வரும், நாமும் அதிலேயே குடித்துக் காலத்தை ஓட்டுவோம். போன மாசம் ஷிபானா இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கக் கப்பு கேட்டார்கள். கப்புக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதணும், மனுஷனுடைய குணத்தைச் சொல்கிற பெரிய வார்த்தை. எல்லாம் உங்கள் மருமகள் பொறுக்கியெடுத்தவை. "கோவக்காரன்னு ஒரே வார்த்தையில முடிக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "அத்தா, சட்டுனு வந்து சட்டுனு போற கோவத்துக்கு ஒரு வார்த்தை, உள்ளயே வச்சிக் குமுறுறதுக்கு வேற வார்த்தை. மனுசங்கள ஒரே வார்த்தையில முடிக்க முடியாது" என்றாள். சூளையில் சூடு கூடிப்போய்ப் பாதிக் கப்பு கோணிக்கொண்டது. வழக்கம்போல் வீட்டுக்கு வந்தது. இதில் என் குற்றம் என்ன, நீங்களே சொல்லுங்க.

நேற்று நாலு பேர் வந்தாங்க. பாய், அவர் சம்சாரம், மாப்பிள்ளை இஃப்திகார், மாப்பிள்ளைக்கு மாமி முறையாகும் பாயின் அக்கா. உட்கார்ந்த உடனே பாய் ஆரம்பித்தார்: "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு டியூஷனு கிளாஸுனு போறதெல்லாம் நம்ம வூட்டுல பழக்கம் இல்லீங்க. இப்பவே சொல்லிட்டேன்." கிளாஸ் எடுக்கவில்லையென்றால் நம்ம பிள்ளைக்குச் சோறு இறங்காது. போனில் ஷிபானாவிடம் "நீங்க வேலைக்குப் போறதுல எனக்குச் சந்தோஷம்தான்" என்று சொன்ன மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் ஜமக்காளத்தைப் பார்த்தார். அவர் அம்மா சுவரைப் பார்த்தாங்க. மாமி மட்டும் வேப்பூர் பஸ்ஸு கூட்டத்தைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தாங்க.

அப்போதுதான் ஷிபானா டீ கொண்டுவந்து அவங்கவங்க கையில் கொடுத்தாள். மாமி ஒரு மடக்கு குடிச்சிட்டு, "ஏம்மா, இதுல என்னமோ எழுதியிருக்குதே? இரு, போனைக் காட்டுனா தமிழ்ல சொல்லும்" என்றாங்க. மாமிக்கு அந்தப் போனை வாங்கி அனுப்பியதும் நீங்கள்தான் என்பதை மறக்க வேண்டாம். மாமி கப்பில் 'கேருலஸ்'. போனுக்குள்ளிருந்த பொம்பளை சத்தமாகச் சொன்னாள்: "தேவையில்லாமல் ஓயாது பேசுபவர்." சரி, இதோடு வைத்துவிடுவாங்க என்று பார்த்தால், தன் தம்பியான பாயின் கப்புக்கும் காட்டினாங்க. 'டாமினீரிங்': "மற்றவர்களை அடக்கி ஆள்பவர்." அடுத்து பாய் சம்சாரம், 'ஸ்டோயிக்': "துன்பத்தை வெளிக்காட்டாமல் பொறுத்துக்கொள்பவர்." அந்த அம்மா கண் கலங்கிட்டாங்க மச்சான். கடைசியில் மாப்பிள்ளை, 'பியூசிலானிமஸ்': "துணிவில்லாதவர்." நான் எழுந்து போனைப் பிடுங்கப் போய், கால் தடுக்கி, மிக்சர் தட்டு பாய் மடியில் கவிழ்ந்தது. பாய் எழுந்தார். "வூட்டுக்குக் கூப்பிட்டு வச்சி அசிங்கப்படுத்துறீங்களா?" என்று கேட்டு, மடியில் மிக்சரோடு கார் ஏறிவிட்டார்.

இது தற்செயல் என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. என் கப்பில் 'கல்லிபிள்' என்று இருந்தது. எதையும் எளிதில் நம்பி ஏமாறுபவராம்! மற்றவங்களுக்கு எப்படியோ, எனக்குத் துளிகூடப் பொருந்தவில்லை. ஷிபானாவைக் கேட்டேன், "கைக்கு வந்ததை எடுத்தேன் அத்தா" என்றாள். அதோடு சரி. உங்கள் தங்கைதான், "பீங்கான் ஊருல வாக்கப்பட்டு ஒரு நல்ல கப்புக்கு வழியில்லை" என்று நேற்றிலிருந்து என்னைக் கரித்துக்கொட்டுகிறாள். மாப்பிள்ளை குடித்த கப்பையும் காணோம். ஆத்திரத்தில் வழியில் வீசி உடைத்திருப்பார், பாவம். ஆகவே மச்சான், நீங்கள் உடனே பாயைக் கூப்பிட்டு, கியாசுதீன் ஒரு பாவமும் அறியாதவன், மன்னித்துவிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்க வேண்டும். மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் துஆ. வெயிலில் அலையாதீங்க.

இப்படிக்கு,
வேறு கதியில்லாத
கியாசுதீன்

பி.கு.: கவரை ஒட்டும்போது பக்கத்து வீட்டுச் செல்வநாயகி வந்து, "பாய், வெள்ளிக்கிழம ஷிபானா வந்து கேட்டுச்சின்னு எங்கூட்டுத் தங்கக்கோடு போட்ட கப்பு செட்டு குடுத்தனே, வேல முடிஞ்சிதுன்னா குடுங்க" என்றாங்க. அஜீஸா, "மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்கு டீ குடுக்க நான்தான் கேட்டு வாங்கியாரச் சொன்னேன், நீங்க குடுக்கலன்னு ஷிபானா சொன்னாளே!" என்றாள். செட்டு பெட்டி பிரிக்காமல் ஷிபானா கட்டிலுக்கடியில் இருந்தது. கைக்கு வந்ததை எடுத்தாளாம்! நான் கத்த வாயெடுத்தேன், வேப்பூரிலிருந்து போன். மாப்பிள்ளையின் அம்மா. "அண்ணே, கார்ல வரும்போதே இஃப்திகார் வாயத் தொறந்துட்டான். அந்தப் பொண்ணு வேலைக்குப் போவும், கட்டுனா அதத்தான் கட்டுவேன்னு அவுங்க அத்தா மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டான். கப்பையும் கையோட எடுத்தாந்து கல்லாப்பெட்டி மேல வச்சிருக்கான்" என்றாங்க. "பாய் என்னம்மா சொல்றாரு?" என்றேன். "இன்னிக்கி மத்தியானம் வரைக்கும் பேசல. இப்ப டீ நல்லாத்தான் இருந்துச்சின்னாரு. தேதி பாக்கச் சொல்லிட்டாரு அண்ணே." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. ஆகவே மச்சான், மேலே எழுதியதில் ஸலாமும் துஆவும் தவிர மற்றதெல்லாம் ரத்து. யார் காலிலும் விழ வேண்டாம், லீவு மட்டும் போடுங்க. ஷிபானா எனக்கு டீ கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அதே கல்லிபிள் கப்பில்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன்.