ஆறு கொம்பு ரவுட்டர்

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். எஹலியகொட டவுனுக்குப் போய் ஒரு ரவுட்டர் வாங்கி வருவது.

புதன்கிழமை காலை வீடியோவில் இன்டர்வியூ. வீட்டில் இருந்தபடியே மொழிபெயர்க்கிற வேலை. தமிழில் ஒருத்தர் பேசுவதை உடனுக்குடன் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். துபாயில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் இருந்த லயத்துக் காம்பராவுக்குத் திரும்பி வந்தவனுக்கு இதை விட்டால் வேறு வேலை கிடைக்கும் என்று தோன்றவில்லை.

கடை முதலாளி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"மாத்தயா, நல்ல சாமான். இப்பவே கொண்டு போகலாம்."

நான் அதை ஏளனமாகப் பார்த்தேன். காரணம், அந்த வாரம் முழுக்க நான் இன்டர்வியூவுக்குப் படிக்கவில்லை. ரவுட்டரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்! புது மாடல் ஒன்று வரப்போகிறதாம். அதில் அது இருக்கும், இது இருக்கும் என்று ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதியதை எல்லாம் அப்படியே நம்பியிருந்தேன்.

"புதுசு எப்ப வரும் முதலாளி?"

"எனவா மாத்தயா, எனவா."

வருகிறதாம். இதே வார்த்தையை நம்பி ரம்புக்கனை ஸ்டேஷனில் அரை நாள் நின்றவன் நான். திரும்பவும் நம்பினேன். செவ்வாய்க்கிழமை கையில் கிடைக்கும் என்று சத்தியம் வேறு செய்தார்.

வெறுங்கையோடு வந்தவனை அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"எங்க தம்பி சாமான்?"

"இதைவிடப் பெருசு வருது அண்ணி." போனில் படத்தைக் காட்டினேன். யாரோ கற்பனையில் வரைந்து போட்ட படம். கறுப்பு உடம்பு, விறைப்பாக ஆறு ஆன்டெனா.

"என்னா இது, செத்த நண்டைக் கவுத்துப் போட்ட மாதிரி? இத்தனை கொம்பு எதுக்கு?"

சிரித்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். நான் விளக்கினேன்.

"ஒவ்வொரு கொம்பும் ஒவ்வொரு பக்கம் சிக்னல் அனுப்பும் அண்ணி. செவுரெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல!"

எங்கள் லயத்தில் ஒட்டினாற்போல் ஆறு காம்பரா, ஆறு குடும்பம். நடுச்சுவர் எதுவும் கூரை வரை போகாது. முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் "நூறு வயசு" என்பார்கள். செய்தி பரவ வைஃபை தேவைப்படவில்லை.

சாயந்தரம் தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்துவிட்டார்.

"தம்பி, நெட் கம்பி எங்க எல்லார் வாசல் வழியாத்தானே ஒங்க வீட்டுக்கு வருது?"

"ஆமா தலைவரே."

"அப்ப கொம்பை நாயமா பிரிச்சிருவோம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் கொழுந்தெடுக்க ஆளுக்கொரு வரிசைச் செடியை நெரை என்று பிரித்துக் கொடுப்பார்களே, அதே மாதிரி காம்பராவுக்கு ஒரு கொம்பு பிரித்துக் கொடுத்தார். இரண்டு மொழியில் படித்தவன் நான். "அது அப்படி இல்லைங்க" என்று ஒரு மொழியிலும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசிக் காம்பரா பார்வதி அக்காதான் எகிறினார்.

"மலையிலயும் எனக்குத் தண்ணிக் கான் ஓரத்து நெரை. இதுலயும் ஓரத்துக் கொம்பா? எனக்கு நடுக்கொம்பு குடுங்க!"

"ஆறு கொம்புல நடுக்கொம்பு எங்க இருந்து வரும்?" என்றார் தலைவர்.

"அப்ப ரெண்டா குடுங்க!"

திங்கட்கிழமைக்குள் ஒருத்தர் தன் கொம்பைப் பக்கத்துக் காம்பராவுக்கு இரவல்கூடக் கொடுத்துவிட்டார். ரவுட்டர் இன்னும் கடைக்கே வரவில்லை!

செவ்வாய்க்கிழமை வந்தது. வீட்டில் பெட்டியைப் பிரித்தேன். வெள்ளையாக, வழவழவென்று, இட்லிச் சட்டி மூடி மாதிரி ஒன்று. திருப்பிப் பார்த்தேன். பெட்டியை உதறிப் பார்த்தேன். ஒரு கொம்பு கிடையாது.

கடைக்குப் போன் எடுத்தேன்.

"புது மாடல் அப்பிடித்தான் மாத்தயா. ஆன்டெனா எல்லாம் உள்ளுக்கு."

கம்பியைப் பூட்டிப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்தது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். காலையில் எல்லாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விடுவார்கள். இன்டர்வியூ முடிந்த பிறகு நிதானமாக விளக்கிக்கொள்ளலாம்.

புதன்கிழமை போயா, பௌர்ணமி. தோட்டத்துக்கே லீவு. கலண்டரைப் பார்க்கத்தான் எனக்கு நேரம் இருக்கவில்லை!

இன்டர்வியூ அருமையாகத் தொடங்கியது. திரையில் ஒரு வெள்ளைக்கார அம்மா. இன்னொருவர் கேமராவை மூடி வைத்திருந்தார், வாயையும்தான். படம் நிற்கவில்லை, குரல் உடையவில்லை. வேலை கைக்கு வந்த மாதிரிதான் என்று நினைத்த நேரம் கதவு திறந்தது.

முன்னால் தலைவர். பின்னால் லயம்.

பார்வதி அக்கா துண்டை உருவினார். "தம்பி, எங்க கொம்பெல்லாம் எங்க?"

"உள்ளுக்குள்ள இருக்குக்கா," என்று கிசுகிசுத்தேன்.

"உள்ளுக்குள்ளயா? ஒளிச்சு வச்சிருக்காரு பாருங்க தலைவரே!"

"கழட்டி வித்துட்டீங்களா தம்பி?" தலைவர் வருத்தமாகக் கேட்டார்.

பார்வதி அக்கா விடவில்லை. "துபாயில ஸ்டோர் பாத்தேன், ஸ்டோர் பாத்தேன்னாரே, இப்பிடித்தான் பாத்திருப்பாரு! சாமானைக் காணோம்னுதான் தொரத்தி வுட்டிருப்பானுங்க!"

வெள்ளைக்கார அம்மா ஆவலாக முன்னால் சாய்ந்தார். "நல்ல சந்தர்ப்பம். அந்தப் பெண் என்ன சொல்கிறார்? அப்படியே மொழிபெயருங்கள், பார்ப்போம்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்குத் தெரிந்த மிக நல்ல இங்கிலீஷில் சொன்னேன்: "துபாய் ஸ்டோரில் நான் பெற்ற அனுபவத்தை அவர் பாராட்டுகிறார். அங்கிருந்து என்னை அனுப்ப அவர்களுக்கு மனமே வரவில்லையாம்."

மூடிய கேமராவுக்குப் பின்னால் இருந்து முதல் தடவையாக ஒரு குரல் வந்தது. சுத்தமான தமிழ்.

"ஐயா, அந்த அக்கா சொன்னது அது இல்லையே?"

வேலை கிடைக்கவில்லை. ஆனால் ரவுட்டரைக் குறை சொல்லக் கூடாது. ஒரு வார்த்தை விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.