ராமையாவின் ஐந்தாவது மேட்ச்

"உயிரே போனாலும் அந்த ரூமை விட மாட்டேன்!"

சேதுமாதவன் இப்படிச் சபதம் போட்டபோது மாலை நாலு மணி. அபுதாபியின் ருவைஸ் நகர் முழுக்கத் தூசிக்காற்று. ஜன்னலுக்கு வெளியே ஒரே மஞ்சள். எதிர் பில்டிங்கே காணோம்.

அந்த ரூமில் என்ன புதையலா இருக்கிறது? கம்பெனி கிரவுண்டில் பதினைந்து வருடம் ஆடிய கிரிக்கெட்டின் ஸ்கோர் நோட்டுகள், உடைந்த ஸ்டம்புகள், போன வருடம் ஊரில் தவறிப்போன ராமையாவின் கீப்பிங் கிளவுஸ். சேதுமாதவனின் மனைவி அகிலாவுக்கோ தையல் மெஷின் போட இடம் வேண்டும். வாங்கிய மெஷின் இரண்டு வருடமாகக் கட்டிலுக்கடியில் படுத்திருக்கிறது.

"சரி, போட்டி வச்சுக்கலாம்" என்றார் பெருந்தன்மையாக. "நோட்டுல இருக்கிற அத்தனை பேர்லேருந்தும் ஆளுக்குப் பதினோரு பேரை மாத்தி மாத்தி எடுப்போம். செத்தவங்களும் சேர்த்தி. யார் டீமுக்கு மொத்த ரன் அதிகமோ அவங்களுக்கு ரூம். ஆனா கீப்பரா எடுக்கிற ஆளு அஞ்சு மேட்சாவது கீப்பரா நின்னிருக்கணும். நோட்டுல இருக்கணும்!"

கிரிக்கெட் தெரியாதவள், கவிழ்ந்துவிடுவாள் என்று கணக்கு. அவளோ முதல் ஆளாகவே எதிர்வீட்டு ஃபவாஸை, டீமின் நிரந்தரக் கீப்பரை, தூக்கிக்கொண்டாள்.

கடைசியில் சேதுமாதவனுக்குக் கீப்பர் இடம் மட்டும் பாக்கி. ராமையா இருக்க என்ன பயம்? ஆயிரத்து நூற்று நாற்பது ரன்! நோட்டைப் புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவ்வளவுதான். ஐந்தாவது மேட்ச் இல்லவே இல்லை.

அகிலா டீ போடப் போனாள். சேதுமாதவன் பேனாவை எடுத்தார். 2022 மார்ச் மாதப் பக்கத்தின் அடியில், வழக்கம்போல, "வெள்ளி, காலை 7 மணி. கீப்பர்: ராமையா" என்று ஒரு மேட்சைச் சேர்த்தார்.

டீயோடு வந்தவள் நோட்டையே பார்த்தாள்.

"அஞ்சா?"

"அஞ்சு."

"ராமையாண்ணன் மேல சத்தியமா?"

வேலைக்கு வந்த புதிதில் ஒரு மாதம் சோறு போட்ட மனுஷன் அவர். "சத்தியமா" என்றார். வெளியே காற்று ஊளையிட்டது.

"அப்ப வர்ற சனிக்கிழமை உக்காந்து கூட்டிப் பாத்துரலாம்" என்றாள்.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்தால், நோட்டு ரூம் நடுவே தரையில் கிடக்கிறது. அதே பக்கம் திறந்து.

"அகிலா, இதை யாரு எடுத்தா?"

"நான் அந்தப் பக்கமே போகலீங்க."

மூடி அலமாரியில் வைத்தார். அடுத்த நாள் நோட்டு மறுபடியும் தரையில். அதே பக்கம். அதன்மேல் ராமையாவின் கிளவுஸ். தொட்டார். சூடு! உள்ளே ஈரம்! இப்போதுதான் யாரோ கையை உருவிக்கொண்டு போனதுபோல. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஏசி ரூம்ல எப்படிங்க சூடாகும்?" என்று அகிலா கன்னத்தில் கை வைத்தாள். "பொய்ச் சத்தியம் எதுவும் பண்ணலியே நீங்க?"

மூன்றாம் நாள் வீட்டுக்குள் நுழைந்ததும் "அகிலா" என்று கூப்பிட்டார். கிச்சனில் ஆள் இல்லை. ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

தட். தட்.

பந்து வருமுன் ராமையா கிளவுஸ் இரண்டையும் சேர்த்துத் தட்டுவார். சரியாக இரண்டு தடவை.

தட். தட்.

சேதுமாதவன் கதவடியில் அப்படியே விழுந்தார். "ராமையாண்ணே! நாலு மேட்ச்தாண்ணே! உங்க பேர்ல பொய் எழுதிட்டேன். சோறு போட்ட உங்க மேலயே பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்கண்ணே!" நிஜமாகவே அழுதார்.

கதவு மெல்லத் திறந்தது. கையில் கிளவுஸோடு அகிலா.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு மூணு நாள் மிச்சம்."

"அப்ப... அந்தச் சூடு?"

"இட்லிக் கொப்பரை இறக்க இதைவிட நல்ல உறை எங்க கிடைக்கும்?"

"பொய்னு எப்படிடி கண்டுபிடிச்சே?"

"வெள்ளிக்கிழமைன்னு எழுதினீங்களே! அந்த வருஷம் ஜனவரியிலயே வார லீவு சனி, ஞாயிறுக்கு மாறிடுச்சு. மார்ச் மாசம் வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணிக்கு நீங்க டியூட்டி பஸ்ல வாயைப் பொளந்து தூங்கிட்டிருந்தீங்க."

சேதுமாதவன் கண்ணைத் துடைத்தார். "அது சரி, ராமையாண்ணன் ரெண்டு தடவை தட்டுவாருன்னு உனக்கு யாரு சொன்னா?"

"தட்டுறதா? நான் ஒண்ணும் தட்டலியே" என்றாள் அகிலா, மெஷின் பெட்டியை ரூமுக்குள் இழுத்துக்கொண்டே.

அவர் அவசரமாக வாசற்படியை விட்டு இரண்டடி பின்னால் வந்தார். இனி அந்த ரூமுக்குள் தனியாகப் போக அவருக்குப் பைத்தியமா?

"ஆனாலும் போட்டி முடியலை அகிலா" என்றார், மீசையில் மண் ஒட்டாத குரலில். "நான் வேற கீப்பரை எடுக்கலாம்ல?"

"தாராளமா. அஞ்சு மேட்ச் நின்ன ஆளு இன்னும் ஒருத்தர் மிச்சம் இருக்காரு, நோட்டுல பாத்துட்டேன்."

"யாரு?"

"சேதுமாதவன். பதினஞ்சு வருஷத்துல மொத்தம் ஒன்பது ரன்."