புதன்கிழமை நித்திரை

"அங்கிள், ஹோல் முழுக்க ரோல்ஸ் மணக்குது!"

கோசிகா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஈஸ்ட் ஹாமின் அந்தத் தேவாலய மண்டபத்தில் முதல்நாள் மாலை யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் கொண்டாடியிருந்தார்கள். பலூன், கதிரை, கேக் பெட்டி எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துப் போனவர்கள், ஆட்டிறைச்சி ரோல்ஸின் வாசத்தை மட்டும் விட்டுப் போயிருந்தார்கள்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் தேவராசா தரை கூட்டும் தும்புத்தடியில் சாய்ந்தபடி ஒருமுறை ஆழமாக மூச்சை இழுத்தார். "நல்ல வாசம்தானே பிள்ளை. இருந்திட்டுப் போகட்டுமே."

"இது நித்திரை வகுப்பு அங்கிள். வயிறு கூப்பிட்டா நித்திரை வருமோ? அதுவும் இண்டைக்கு!"

இன்றைக்கு என்னவென்றால், புதன்கிழமைப் பிற்பகல்களில் இந்த மண்டபத்தை இலவசமாகத் தந்துகொண்டிருந்த அறக்கட்டளையிலிருந்து ஜெயகௌரி என்றொரு அதிகாரி வகுப்பைப் பார்க்க வருகிறார். பலன் உண்டு என்று அவர் எழுதினால் வகுப்பு தொடரும். இல்லையென்றால் புதன்கிழமை பட்மின்டன் கழகத்துக்குப் போய்விடும். பெண்கள் பழையபடி தங்கள் நித்திரையில்லாத வீடுகளுக்குப் போய்விடுவார்கள்.

கோசிகா பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவி. அயலில் இருந்த சின்னஞ்சிறு தமிழ்ச் சுகநல அமைப்பு ஒன்றில் தொண்டு செய்ய வந்தவள். கூட வந்த மாணவர்கள் பிரஷர் பார்ப்பதையும் இரத்தச் சீனி அளப்பதையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். கோசிகா நித்திரையைக் கேட்டு வாங்கினாள். விரிவுரையாளர் ஒருநாள் லண்டன் வரைபடம் ஒன்றைக் காட்டியிருந்தார். நன்றாக உறங்குகிறவர்களின் பகுதிகள் வெளிர்நீலம், உறங்காதவர்களின் பகுதிகள் கரும்நீலம். கோசிகாவின் தெரு கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தது. சான்ட்விச் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் செய்துவிட்டு வந்து, கையில் அகப்பையோடு நின்றபடியே கண்ணயரும் அம்மாவின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அழுகை வந்தது. அடுத்த வாரமே பாய்கள் வாங்கினாள்.

வகுப்புக்கு வருகிற பெண்கள் விடியுமுன் ஒபிஸ் துடைப்பவர்கள், முதியோர் இல்லங்களில் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள். டொக்டரிடம் போனால், 'தினமும் எட்டு மணித்தியாலம் உறங்குங்கள்' என்று அச்சடித்த தாளொன்றைக் கொடுத்து அனுப்புவார். தாளைத் தலையணைக்குக் கீழே வைத்தால் நித்திரை வந்துவிடுமா என்ன?

தொடக்கத்தில் வகுப்பு சரிவரவில்லை. இணையத்தில் கிடைத்த ஆங்கிலக் குறிப்பைக் கோசிகா தானே தமிழாக்கி வாசித்தாள். "நீங்கள் ஒரு படகில் மிதந்துகொண்டிருக்கிறீர்கள்..."

"படகு வேண்டாம் பிள்ளை," என்று முன்பாயிலிருந்து தவநாயகி அன்ரியின் குரல் வந்தது. "படகில வந்த ஆக்கள் இதுக்குள்ள கிடக்கினம். நெஞ்சு இடிக்குமெல்லோ."

படகை மேகமாக மாற்றினாள். அடுத்த வாரத்திலிருந்து அதிசயம்தான். "கண்ணை மூடுங்கோ" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் தவநாயகி அன்ரியின் குறட்டை கிளம்பும். அது பின்வரிசைக்குப் பரவும். சுவரோரப் பாயில் படுக்கும், வாயே திறக்காத அஜந்தா அக்காகூட மெல்லப் பெருமூச்சு விடுவார். அரையிருட்டில், கடலலைச் சத்தத்துக்கு நடுவே, அத்தனை பெண்களும் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கோசிகாவுக்கு உலகமே கொஞ்சம் இளகிப்போனது போல இருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக எதையோ சரியாகச் செய்திருக்கிறோம் என்று நினைப்பாள்.

அவளுடைய சொந்த நித்திரையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். இரவில் பெற்றோல் நிலையத்தில் கல்லா, பகலில் படிப்பு, இடையில் கோப்பி. ஊருக்குத்தான் உபதேசம்.

வாசத்தை விரட்ட யன்னல்களை அகலத் திறந்தாள். ரோல்ஸ் வெளியே போனது. மாசி மாதக் குளிர் உள்ளே வந்தது, பின்னாலேயே ஹை ஸ்ட்ரீட் நோர்த்தின் பஸ் இரைச்சலும்.

"இப்பிடிக் குளிரில ஆர் நித்திரை கொள்ளுறது?" என்றார் தேவராசா.

யன்னல்களைச் சாத்தி ஹீட்டரைக் கடைசிவரை திருகினாள். ஹீட்டருக்கு வயது போய்விட்டது. சூடு ஏற ஏற உள்ளே யாரோ சுத்தியலோடு சிறைப்பட்டது போல 'டங், டங்' என்று அடிக்கத் தொடங்கியது. குறைத்துப் பார்த்தாள். திருகுபிடி கையோடு கழன்று வந்தது.

அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். சப்பாத்துகளைக் கழற்றும்போதே தலைகளைச் சேர்த்து ஏதோ குசுகுசுத்தார்கள். ரோல்ஸ் வாசத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று கோசிகா வெட்கப்பட்டாள்.

"அன்ரி, இண்டைக்குப் பார்க்க ஆள் வருகினம். நீங்க ஒண்டும் விசேஷமாச் செய்யத் தேவையில்லை. வழமைபோல நித்திரை கொண்டாக் காணும்."

"அதை எங்களிட்ட விடும் பிள்ளை," என்றார் தவநாயகி. சொன்னவர் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார்.

விளக்குகள் அணைந்தன. ஹீட்டரின் 'டங், டங்' கேட்காமலிருக்கக் கோசிகா தன் தொலைபேசியை மண்டப ஒலிபெருக்கியோடு இணைத்துக் கடலலையைக் கூட்டினாள். அலை கொஞ்சம் பெரிதாகவே அடித்தது. "கால்விரல்களுக்கு நன்றி சொல்லுங்கோ... முழங்காலைத் தளர விடுங்கோ... இப்ப நீங்கள் ஒரு வெள்ளை மேகத்தில..."

குறட்டை கிளம்பியது. கோசிகா நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி ரோஹித் அழைத்தான். கடலலை நின்றது. அவனுடைய குரல் மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் இடி மாதிரி விழுந்தது.

"அக்கா! சோத்துப் பானை எங்கை? கோழிக்கறி முழுக்க நீயோ திண்டனீ?"

கோசிகா பாய்ந்து போய்த் தொலைபேசியை அமத்தினாள். பயந்து பயந்து திரும்பிப் பார்த்தாள். ஒருத்தரும் அசையவில்லை! அஜந்தா அக்காவின் உதட்டில் மட்டும் ஒரு சின்னப் புன்னகை. நல்ல கனவு போலும். இவ்வளவு ஆழ்ந்த நித்திரையைப் பாடப்புத்தகத்தில்கூட அவள் படித்ததில்லை. பெருமையில் அவள் நிமிர்ந்து நின்றாள்.

ஆனால் ஹீட்டர் சூட்டில் சுவரிலிருந்த ரோல்ஸ் வாசம் மறுபடி உயிர்த்துக்கொண்டு வந்தது. மேசையில் வாசனை ஆவி விடுகிற சின்ன மெஷின் இருந்தது. அதற்குள் இரண்டு மூன்று துளி லவெண்டர் எண்ணெய் விடவேண்டும். அவசரத்தில் போத்திலின் மூடியே கழன்று முழுவதும் உள்ளே போய்விட்டது.

ஊதா மணத்தோடு வெண்புகை எழுந்தது. மேசையை மூடியது, பாய்களை மூடியது, போர்வைகளின் மேல் சோம்பலாகத் தவழ்ந்தது. உண்மையிலேயே எல்லாரும் மேகத்தில் மிதப்பது போல ஆகிவிட்டது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்ததால் கோசிகா ஒரு நிமிடம் தன்னை மறந்து நின்றாள்.

கூரையிலிருந்த தீ எச்சரிக்கை மணிக்கு அந்த அழகு புரியவில்லை. அலறத் தொடங்கியது.

"நெருப்பில்லை, நெருப்பில்லை!" என்று தேவராசா ஏணியோடு ஓடிவந்தார். "உம்மட ஆவிதான் பிள்ளை! ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ!"

பயப்பட யார் விழித்திருந்தார்கள்? மணி காதைக் கிழித்தது. பாய்களில் ஒரு போர்வைகூட அசையவில்லை. கோசிகாவின் பெருமை அந்த இடத்தில்தான் பயமாக மாறியது. இது நித்திரைதானா?

அப்போது புகைக்குள்ளிருந்து ஓர் உருவம் நடந்து வந்தது. கறுப்பு மேலங்கி, கழுத்தில் அடையாள அட்டை. ஜெயகௌரி ஜேர்மனியில் வளர்ந்தவர். சொன்ன நேரத்துக்கு வருகிறவர். அவர் ஒருமுறை கூரையைப் பார்த்தார், ஒருமுறை தரையைப் பார்த்தார்.

"இவை எல்லாரும் உயிரோடதான் இருக்கினமோ?"

"ஓம் அக்கா, நித்திரை. இதுதான் வகுப்பு," என்றாள் கோசிகா, மணிக்கு மேலால் கத்தி.

"இந்தச் சத்தத்துக்குள்ளயோ?"

தேவராசா மணியை நிறுத்தினார். திடீரென்று விழுந்த அமைதியில் தவநாயகி அன்ரியின் குறட்டை இன்னும் பெரிதாகக் கேட்டது. கோசிகா முழங்காலில் உட்கார்ந்து அவருடைய தோளைத் தொட்டாள்.

"அன்ரி, எழும்புங்கோ. வகுப்பு முடிஞ்சுது."

குறட்டை ஒரு கட்டை ஏறியது.

"அன்ரி, பிளீஸ். தேத்தண்ணி ரெடி."

பக்கத்துப் பாயிலும் குறட்டை கேட்டது. உலுக்கினாள். தவநாயகி அன்ரி அரிசி மூட்டை மாதிரிப் புரண்டு மற்றப் பக்கம் படுத்தார். கைகளைத் தட்டிப் பார்த்தாள், விளக்கைப் போட்டுப் பார்த்தாள். மண்டபம் முழுக்க வெளிச்சம் பரவியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள்.

ஜெயகௌரியின் முகம் இறுகியது. "தங்கச்சி, உண்மையைச் சொல்லும். குடிக்க ஏதும் குடுத்தனீரோ? நித்திரைக் குளிசை ஏதும்?"

"சத்தியமா இல்லை அக்கா! லவெண்டர் மட்டும்தான். கொஞ்சம் கூடிப் போச்சு."

சொல்லிக்கொண்டே தவநாயகி அன்ரியின் கைநாடியைப் பிடித்துப் பார்த்தாள். நாடி குதிரை மாதிரி ஓடியது. உறங்குகிறவர்களுக்கு இப்படித் துடிக்காதே! அம்மாவுக்காகத் தொடங்கிய வகுப்பு, அம்மா வயதுப் பெண்களைப் பலி எடுக்கப் போகிறதே என்று அவளுக்குக் கண்கள் நிறைந்தன. வகுப்பு போனால் போகட்டும், இவர்கள் எழும்பினால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

"நான் ஆம்புலன்ஸுக்கு அடிக்கிறன்," என்றார் ஜெயகௌரி. குறட்டைகள் ஒரு கணம் நின்றன. பிறகு தயங்கித் தயங்கித் தொடர்ந்தன. உள்ளே தன் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காததால் ஜெயகௌரி வாசலுக்குப் போனார். தேவராசா ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

கோசிகா தனியாக இருந்தாள். ஒவ்வொருவராக மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தாள். வந்தது. தவநாயகி அன்ரியின் மூச்சை நன்றாகக் கேட்க வேண்டுமென்று பாயின் ஓரத்தில் தலையைச் சாய்த்தாள். ஒரே ஒரு நிமிடம்தான். ஹீட்டர் களைத்து அடங்கியிருந்தது. தரை இளஞ்சூடாக இருந்தது. லவெண்டர் மணம் இமைகளின் மேல் வந்து உட்கார்ந்தது. இரவு முழுக்கப் பெற்றோல் நிலையத்தில் நின்றுவிட்டு வந்தவளின் கால்விரல்கள், யாரும் நன்றி சொல்லாமலேயே, தாமாகத் தளர்ந்தன.

வெள்ளை மேகமொன்று வந்து அவளை ஏற்றிக்கொண்டது. கூரைக்கு மேலே, ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்கு மேலே அது மெல்லப் போனது. கீழே சேலைக் கடைப் பொம்மைகள் கண்ணாடிக்குள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து தூங்கின. நகைக்கடைச் சங்கிலிகள் சுருண்டு படுத்திருந்தன. பஸ்கள் கொட்டாவி விட்டபடி ஓரங்கட்டின. வரைபடத்தின் கரும்நீலம் தெருத் தெருவாக வெளுத்துக்கொண்டு வந்தது. அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கால்நீட்டிப் படுத்தார். கோசிகாவுக்கு ஒரு கவலையும் இல்லை. இதுவரை அப்படி ஒரு சுகத்தை அவள் அறிந்ததில்லை.

எவ்வளவு நேரம் போனதோ, எங்கோ தொலைவில் கோப்பைகள் உரசும் மெல்லிய சத்தம் கேட்டது. தேநீர் வாசம் வந்தது. தன் மேல் நாலைந்து போர்வைகள் கிடப்பதை உணர்ந்தாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. திறக்க மனமும் வரவில்லை. தலைமாட்டில் யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லவேளை, நான் ஆம்புலன்ஸ் லைனில காத்துக்கொண்டு நிக்கேக்க நீங்களே எழும்பி ஓடி வந்தியள்," இது ஜெயகௌரியின் குரல். "சரி, இப்ப நான் என்னெண்டு எழுத? இந்த வகுப்பால பலன் இருக்கோ, இல்லையோ?"

"ஸ்ஸ்..." என்றார் தவநாயகி.

பதில் சொன்னது, வாயே திறக்காத அஜந்தா அக்கா.

"இருக்கெண்டே எழுதுங்கோ அக்கா, ஆனா மெல்லமாக் கதையுங்கோ. ஐப்பசியில தொடங்கின வகுப்பில இண்டைக்குத்தான் ஒரு ஆள் உண்மையா நித்திரை கொள்ளுது."