கஞ்சாச் சீட்டும் வில்ஃப்ரட் மாமாவும்

மிராமிச்சி,
மே 14, 2024

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் வெர்னுக்கு, தம்பி எல்டன் எழுதுவது. இங்கே ஷிர்லி நலம், பூனை நலம். நான் நலமாகப் போகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படி.

என் மனநல மருத்துவர் கோர்மியே அம்மாள் எனக்குக் கஞ்சா எழுதித் தரச் சம்மதித்துவிட்டார். முப்பது வருடம் போலீஸ் உடுப்பில் நீ வேரோடு பிடுங்கிப் போட்ட அதே செடிதான். இப்போதுதான் சட்டமே மாறிவிட்டதே, டாக்டர் ஒரு சீட்டில் நாளுக்கு இத்தனை கிராம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், தபால்காரர் வாசலில் கொண்டுவந்து வைப்பார். எனக்கு எண்ணெய்தான், நாக்குக்கு அடியில் இரண்டே சொட்டு. சிரிக்காதே. நாற்பத்தொரு வருடம் தீ விபத்துக்கும் கொலை வழக்குக்கும் முதல் ஆளாக ஓடிய நிருபன் நான், ஓய்வு பெற்றபின் கடை வரிசையில் நிற்க முடியாமல் மார்பு அடைத்து, சட்டை நனைந்து, சாமானைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவருகிறேன். இரண்டு விதமான மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் வாய் உலர்ந்தது, மற்றதில் சூப்புக் கிண்ணத்தின் மேலேயே தூங்கி விழுந்தேன். ஆகஸ்டில் உன் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நான் விமானம் ஏறி கால்கரி வந்தே ஆக வேண்டும். போன இரண்டு பிறந்தநாளுக்கும் நான் சொன்ன காரணம் பொய். பூனைக்கு அறுவைச் சிகிச்சை எதுவும் நடக்கவில்லை.

சிலருக்கு இது படபடப்பைத் தணிக்கும், சிலருக்கு ஏற்றிவிடும், ஆராய்ச்சி இன்னும் போதாது என்று டாக்டர் நேர்மையாகச் சொன்னார். நானும் குறித்துக்கொண்டேன். பிறகு கேள்வித்தாளை எடுத்தார். இதயம் சரி, குடி இல்லை, காரை ஷிர்லி ஓட்டுவாள் என்று எல்லாம் மளமளவென்று போய், பேனா சீட்டின் மேல் பட்டேவிட்டது, அண்ணா, கையெழுத்தின் முதல் எழுத்தை என் கண்ணால் பார்த்தேன், அப்போதுதான் அவர் ஒரு கேள்வியை விட்டுவிட்டதாகச் சொல்லி நிமிர்ந்தார். என் ரத்த சொந்தத்தில் யாருக்காவது இல்லாத குரல் கேட்டதுண்டா என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க ஊராரிடம் முழுசாகச் சொல்லுங்கள், முழுசாகச் சொல்லுங்கள் என்று நச்சரித்தவனுக்கு வாய் அடங்குமா? நம் அம்மாவின் தம்பி வில்ஃப்ரட் மாமா, ஐஸ் ஹாக்கி வர்ணனையாளர் ரேடியோவுக்குள்ளிருந்து தன்னிடம் யோசனை கேட்பதாக நினைத்து இரண்டு வருடம் கொட்டகையில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்ததையும், அது தானாகவே நின்றுபோனதையும், அணிகளின் பெயரோடு விவரித்துவிட்டேன்.

டாக்டர் பேனாவை மூடினார்.

"குடும்பத்துல அப்படி ஒருத்தர் இருந்தா இந்த மருந்து புத்தியையே கலைச்சுடலாம், எல்டன். மாமா விஷயம் தெளிவாகட்டும்."

"அவரு ஹாக்கிப் பைத்தியம் டாக்டர், அவ்வளவுதான்."

"அதை வேற யாராவது சொல்லட்டும்."

காரை ஓட்டிக்கொண்டே ஷிர்லி பாலத்தைத் தாண்டினாள். பிறகு சொன்னாள்: "கேட்டா ஒரு வரியில பதில் சொல்ல மாட்டீங்களா? செத்துப்போன மனுஷனுக்கு முதல் பக்கத்துல முழு நீளச் செய்தி போட்டுட்டு வந்திருக்கீங்க."

ஆனாலும் நான் தளரவில்லை. மாமா கொட்டகையில் உட்கார்ந்திருந்த காலத்தில் நீ இங்கேதான் காவல் நிலையத்தில் இருந்தாய். மாமாவை வாராவாரம் பார்த்தவன். அவர் புத்தி தெளிவானவர், கொஞ்சம் ரேடியோ பிரியர், வேறொன்றுமில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு உடனே அனுப்பு. ஓய்வுபெற்ற போலீஸ்காரன் சொன்னால் டாக்டர் தட்ட மாட்டார். மாமாவின் மகள் பியூலாவிடமும் சொல்லியிருக்கிறேன். மாமி தினமும் குறிப்பு எழுதிவைத்த தீவனக்கடை நாட்காட்டிகளைப் பரணில் தேடுகிறாள். இரண்டும் கைக்கு வந்தால் சீட்டு வந்த மாதிரி, சீட்டு வந்தால் நான் கால்கரி வந்த மாதிரி.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உன் முழங்கால்களைக் காப்பாராக.

பாசமுள்ள தம்பி,
எல்டன்

பின்குறிப்பு, மே 17: கடிதம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. சான்று எழுத வேண்டாம். 1974 நாட்காட்டி கிடைத்துவிட்டது. பியூலா போனில் படிக்க, நான் எழுதிக்கொண்டேன். ஆகஸ்ட் 9: "வெர்ன் உடுப்போடு வந்தான். கொட்டகைக்குப் பின்னால் இவர் வளர்த்த கஞ்சாவை எல்லாம் பிடுங்கி ஆற்றில் போட்டான். யாருக்கும் சொல்ல மாட்டானாம்." அக்டோபர் 12: "ஹாக்கி ஆரம்பம். இவர் சும்மா கேட்டார். பதில் சொல்லவில்லை."

ஐம்பது வருடம் ஒரு நிருபனோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே இதை மறைத்திருக்கிறாய். நல்லா இரு.

"அடுப்புல போட்டுடவா?" என்று பியூலா கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டு நானே வரி வரியாகப் படித்துக் காட்டினேன். சீட்டு கிடையாது. அதற்குப் பதிலாக வரிசையில் நிற்கப் பயிற்சி தருகிறார்கள், வாரத்துக்கு இரண்டு நாள். இன்று காலை ரொட்டிக் கடை. எனக்கு முன்னால் மூன்று பேர். இரண்டு பேர் போகும்வரை நின்றேன்.