நோட்டிஸ் அண்ணை பார்த்த இல்லாத உத்தியோகம்

கொழும்பில் இல்லாத வேலையை இவ்வளவு நேர்மையாகச் செய்த மனிதர் நோட்டிஸ் அண்ணை ஒருவர்தான். இருக்கிற வேலையைச் செய்யாதவர்களை என் ஒபிசிலேயே வரிசையாகக் காட்டலாம். அவர்களைப் பற்றி எழுதினால் என் வேலை போய்விடும் என்பதால் இவரைப் பற்றியே எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மாடி போர்டிங்கில், எனக்கும் அவருக்கும் ஒரே அறை. அவருடைய மனைவியும் மகளும் திருகோணமலையில் இருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு எடுத்து, மகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, மூன்று பேரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்குக் கொஞ்சம் நல்ல சம்பளம் வேண்டும்.

அப்போது அவர் துறைமுகப் பக்கம் ஓர் இறக்குமதிக் கம்பனியில் கணக்குப் பார்த்தார். இன்டர்வியூவுக்குப் போவது அவருக்குப் பொழுதுபோக்கு. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, எதிரில் இருப்பவர்களை இவர் கேள்வி கேட்பார். கனடா மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க நிற்பவர்கள் மாதிரி கம்பனிகள் அவர் பின்னால் நின்றன. ஓர் இடத்தில் தேத்தண்ணியில் சாயம் காணாது என்று வேலையை வேண்டாம் என்றார். இன்னோர் இடத்தில் முதலாளி கொட்டாவி விட்டாராம், அதுவும் சரிவரவில்லை.

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. இறக்குமதி நின்றது, கம்பனியை இழுத்து மூடினார்கள். அதே மனிதர், அதே படிப்பு, அதே டை. ஆனால் இப்போது எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு, எங்கும் இல்லை என்று இவர் சொன்னதும், தொற்று நோய்க்காரன் வந்ததுபோலக் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்கள். கம்பனி மூடியதற்கே இவர்தான் காரணமோ என்று பார்த்தவர்களும் உண்டு. அறிவிக்கிறோம் என்றார்கள். யாருக்கு அறிவித்தார்களோ, இவருக்கு அறிவிக்கவில்லை.

நாலைந்து இடத்தில் இப்படி நடந்ததும் அண்ணை ஒரு முடிவுக்கு வந்தார்.

"தம்பி, வேலை இருக்கிறவனுக்குத்தான் வேலை குடுப்பினம். அதால நான் நாளையில இருந்து வேலைக்குப் போகப்போறன்."

போனார். காலையில் டை கட்டி, சோத்துப் பார்சலும் கையுமாகப் புறப்பட்டு, ரயில் ஸ்டேஷன் வாங்கில் கடலைப் பார்த்து உட்கார்ந்து, போனில் விண்ணப்பம் அனுப்புவார். பசித்தாலும் மதிய இடைவேளைக்கு முன் பார்சலைத் திறக்க மாட்டார். பின்னேரம் களைத்து விழுந்து வந்து மனேஜரைத் திட்டுவார். எந்த மனேஜர் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. பௌர்ணமிப் போயா நாளில் வேலை தேட மாட்டார், விடுமுறையாம். ஒரே கிழமையில் இரண்டு இன்டர்வியூ வந்தபோது ஒன்றைக் கைவிட்டார். அவ்வளவு லீவு எடுத்தால் ஒபிசில் சந்தேகப்படுவார்களாம்.

கடைசியில், இன்னமும் வேலையில் இருப்பதாகவே சொல்லிப் போன ஓர் இன்டர்வியூவில், யூனியன் பிளேஸ் கம்பனி ஒன்றுக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆளெடுக்கிற பொறுப்பில் இருந்த பெண், எப்போது வரலாம் என்று கேட்டிருக்கிறார். வேலையில்லாத எவனும் நாளைக்கே என்பான். அண்ணை பெருமூச்சு விட்டு, இருக்கிற வேலையை விட மூன்று மாத நோட்டிஸ் கொடுக்க வேண்டுமே என்றாராம். அவர்கள் கெஞ்ச, இவர் பிகு பண்ண, பெரிய மனது வைத்து இரண்டு மாதத்துக்குச் சம்மதித்துவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் நான் அவருக்கு இந்தப் பெயரை வைத்தேன்.

"அண்ணை, நீங்கள் விட்டிட்டு வர அங்க என்ன இருக்கு?"

"உடன வாறன் எண்டா, இவன் எங்களையும் இப்பிடித்தான் விட்டிட்டு ஓடுவான் எண்டு நினைப்பினம்" என்றார்.

நோட்டிஸ் காலத்தையும் ஒழுங்காகவே கழித்தார். பிந்திப் போய் வெள்ளனவே திரும்பியது மட்டும்தான் வித்தியாசம். ராஜினாமாக் கொடுத்தவர்கள் அப்படித்தானே செய்வார்கள்.

ஒரு பின்னேரம், அறையில் நானும் பக்கத்தில் இருக்கும்போது, அந்தப் பெண் அண்ணைக்குப் போன் எடுத்தார். இரண்டு மாதம் பொறுக்க முடியாதாம், திங்கட்கிழமையே வர வேறொருவர் இருக்கிறாராம். அண்ணையின் முகம் வெளுத்துவிட்டது. மனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தார். நல்ல மனுசி அவர். நம்பரைத் தாருங்கள், உங்களை விடச் சொல்லி மனேஜரிடம் நானே கதைக்கிறேன் என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் மனேஜராகப் பேசுகிறேன் என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"மிஸ், மனேஜர் இல்லை. கம்பனியும் இல்லை. பத்து மாசமா நான் ஸ்டேஷன் வாங்கிலதான் இருக்கிறன்."

அப்படியானால் ஏன் நோட்டிஸ் கேட்டீர்கள் என்றார் அவர்.

"வேலை இல்லை எண்டு முதலே சொல்லியிருந்தா நீங்கள் என்னைக் கூப்பிட்டிருப்பீங்களோ, மிஸ்?"

அவர் திங்கட்கிழமை எட்டரைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அண்ணை டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். சிரிக்கத் தயாராக இருந்த எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இப்போது மூன்று பேரும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். கதவைத் திறக்கிற மகள், "அப்பா, சித்தப்பா வந்திட்டார்" என்று உள்ளே பார்த்துச் சொல்வாள். இந்தக் கொழும்பில் என்னை அப்படிக் கூப்பிட வேறு யாரும் இல்லை.