பரமேஸ்வரனின் மகன் போகட்டும்

லண்டன் தமிழர் கூடும் மண்டபங்களில் ஓர் இனம் உண்டு, ஐயா: அனுப்பிவைப்பவர். உலகத்தில் எங்கே என்ன குறை என்றாலும் தீர்த்துவைக்க அவரிடம் ஆள் இருக்கும். அந்த ஆள் எப்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளைதான்.

எங்கள் இல்ஃபோர்ட் ஞானேஸ்வரன் அண்ணை இதில் சூரர். இங்கிலாந்தில் பல் வைத்தியர் இல்லாத ஊர்களுக்குப் போகும் இளம் வைத்தியர்களின் படிப்புக் கடனை அரசாங்கமே அடைக்கும் என்று ஒரு திட்டம் வந்ததுதான் தாமதம், பிறந்தநாளென்ன, பூப்புனித நீராட்டென்ன, செத்தவீட்டு அந்தியேட்டியென்ன, மைக்கைக் கண்ட இடமெல்லாம் பாய்ந்து பிடித்தார்.

"ஒரு கடற்கரைப் பட்டினத்திலை சனம் குறட்டாலை தங்கட பல்லைத் தாங்களே புடுங்குதுகளாம்! பரமேஸ்வரண்ணை, உங்கட மகன் பல்லு டொக்டர்தானே? அனுப்புங்கோ!"

பரமேஸ்வரன் ரோல்ஸைக் கடித்தபடி கூரையைப் பார்த்தார். பாவம், வேறு எங்கே பார்ப்பார்?

அண்ணையின் பேச்சில் குறையே இல்லை. கேட்டவர் கண் கலங்கும். ஒருநாள் சொந்த மகளுக்கே கலங்கிவிட்டது. மயூராவும் பல் வைத்தியர். அவள் கிளினிக் போட இல்ஃபோர்டில் கடைகூடப் பார்த்து வைத்திருந்தார் அண்ணை. அவள் மண்டப நடுவில் எழுந்தாள்.

"அப்பா, நான் போறன்."

"நீயோ? விசரே உனக்கு! அந்தக் கடற்கரைப் பட்டினத்திலை கோயில் இருக்கோ? தமிழ்க்கடை இருக்கோ?"

"பல்லு இருக்கு அப்பா."

மண்டபம் கைதட்டியது. பரமேஸ்வரன்தான் பலமாகத் தட்டினார்.

போனாள். மறுமாதம் அண்ணையின் கடைவாய்ப் பல் வீங்கியது. இல்ஃபோர்டில் கேட்ட இடமெல்லாம் "புது நோயாளியளை எடுக்கிறேல்லை" என்றார்கள். கன்னத்தைப் பொத்திக்கொண்டு ரயிலேறினார். துணைக்கு நானும் போனேன். மகளின் கிளினிக் வாசலில் அந்த ஊரே கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றது. அண்ணையும் கடைசி ஆளாக நின்றார்.

ஒருவழியாக அவர் நாற்காலியில் சாய்ந்ததும், விறைக்க ஊசி போட்டுவிட்டு மயூரா கேட்டாள்: "ஒவ்வொரு நாளும் போன் எடுத்துத் திரும்பி வா, வா எண்டுறியள். நான் வந்தால் வெளியிலை நிக்கிற சனத்தை ஆர் அப்பா பாக்கிறது?"

வாய் நிறையப் பஞ்சு. கண்ணில் நீர். எனக்கே மனம் இளகிவிட்டது. ஆள் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன்! அண்ணை பஞ்சைத் துப்பினார். விறைத்த நாக்கைப் பாடுபட்டுப் புரட்டினார்.

"ப... பரமேச்... பரமேச்சுவரன்ரை மகன்!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே வாயை மூடாமல் ஒன்று சொல்லுங்கள்: அந்த ஊருக்கு யாராவது போகத்தான் வேண்டும் என்றதும், உங்கள் மனதில் வந்தது யாருடைய பிள்ளை?