வெள்ளையண்ணன் காது வைத்த சுவர்

ஹார்டுவேர் கடையில் வேலை பார்ப்பவன் யாரையும் நம்பமாட்டான். கண்ணமங்கலத்துக் கடையொன்றில் பல வருடங்களாகக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். நாலு ஸ்க்ரூ போட வேண்டிய இடத்தில் ரெண்டோடு முடிக்கிற கார்பென்டர், ஒழுகாத குழாயையும் மாற்றச் சொல்கிற பிளம்பர் எல்லாரும் என் எதிரில்தான் நின்று பேசுவார்கள். அதனால் என் வீட்டு ரிப்பேருக்கு நான் ஆள் கூப்பிட்டதே இல்லை. எல்லாம் நானே செய்வேன். (குளியலறைக் குழாயைத் திறந்தால் சமையலறையில் தண்ணீர் வரும். அது வேறு விஷயம்.)

என் மனைவி சுமதி நர்ஸ். அவளுக்கு ஜவ்வாது மலையில் ஒரு கிராமத்தில் போஸ்டிங் வந்தது. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ், மழை பெய்தால் அதுவும் கிடையாது. முதல் நாலு மாதம் சுகாதார நிலையத்தில் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறையில்தான் படுத்துக் கிடந்தாள். அந்த அறைக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை. அப்புறம்தான் வெள்ளையன் என்கிற விவசாயி தன் பழைய வீட்டை வாடகைக்குக் கொடுத்தார். மண் சுவர், ஓட்டுக் கூரை, ஆனால் உள்ளேயே பாத்ரூம். அந்த ஊரில் வாடகைக்குக் கிடைத்த ஒரே வீடு அதுதான்.

"இந்த வூடு போச்சின்னா நான் வேலைய வுட்டுட வேண்டியதுதாங்க. உங்க கைவரிசை எதையும் இங்க காட்டாதீங்க" என்று சுமதி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஏறிப்போய் திங்கட்கிழமை காலை இறங்கி வருவேன். முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்தேன். பின்வீட்டிலிருந்து வெள்ளையன் வந்தார். எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில் காதை வைத்தார். கண்ணை மூடி ரெண்டு நிமிடம் நின்றார். பிறகு திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

எனக்குப் பல்பொடி தொண்டைக்குள் போய்விட்டது. புருஷனும் பெண்டாட்டியும் இருக்கிற வீட்டில் காது வைத்துக் கேட்கிறாரே! அவர் போனதும் இடத்தைப் பரிசோதித்தேன். சுவரில் ஒரு ஓட்டை. அதிலிருந்து விரல் கனத்தில் கறுப்பாக ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கொசு பறந்தது. உள்ளே வந்து, அதே இடத்தில் தொங்கிய காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். சுவரில் ஒரு பலகை பதித்து, ஓரமெல்லாம் மண் பூசியிருந்தது. வெளியே குழாய், உள்ளே மூடி. வயரிங் சாமான் விற்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்? உள்ளே மைக் இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

"சுமதி, இனிமே மெதுவாப் பேசு."

"ஏன்?"

"அப்புறம் சொல்றேன்."

(சொல்லவில்லை. யாருக்கும் கிடைக்காத வீடு இவளுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று அவள்மேலும் லேசாகச் சந்தேகம் வந்திருந்தது.)

அன்று மத்தியானம் ஒரு சோதனை வைத்தேன். காலண்டருக்கு முன்னால் நின்று, "வெள்ளையண்ணன் மாதிரி தங்கமான மனுசன் இந்த மலையிலயே கிடையாது!" என்று கத்தினேன். சுமதி சமையலறையிலிருந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பலாப்பழம். கூடவே வெள்ளையன், "சாப்புடுங்க சார்" என்று சிரிக்கிறார்.

இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

அடுத்த வாரம் தயாராகப் போனேன். பையில் வெள்ளை சிமென்ட், சீக்கிரம் இறுகுவதற்கான பவுடர், உளி, சுத்தியல். ஞாயிற்றுக்கிழமை வெள்ளையன் சந்தைக்குக் கிளம்பினார். சுமதி ஒரு கர்ப்பிணியைப் பார்க்கப் போனாள். நான் அந்தக் கறுப்புக் குழாயை உடைத்தெறிந்து, ஓட்டையை சிமென்டால் அடைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ரிப்பேர்களிலேயே ஒழுங்காக வந்தது அதுதான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மைக்கைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே! உள்ளே போய்ப் பலகையை உளியால் நெம்பினேன். மைக் வரவில்லை. பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ என் கைமேல் வழிந்தது. கிரீஸ் என்று நினைத்தேன். அதன் பின்னாலேயே கொசுக்கள் வந்தன, நூற்றுக்கணக்கில். ஒன்றும் கடிக்கவில்லை. ஆனால் காதுக்குள், மூக்குக்குள், தலைமுடிக்குள் என்று புகுந்தன. காலண்டரைப் பிடுங்கி என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். கால் இடறி, உள்பக்கம் பூசக் கரைத்து வைத்திருந்த சிமென்ட் சட்டிக்குள்ளேயே தலைகுப்புற விழுந்தேன். (சீக்கிரம் இறுகுகிற பவுடர். கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை.)

சுமதியும் வெள்ளையனும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

"இன்னாங்க இது?" என்றாள் சுமதி.

"கொசு ஒழிப்பு" என்றேன்.

வெள்ளையன் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைத்தான் பார்த்தார். வெளியே ஓடி, இடுப்புக் கத்தியால் சிமென்டைச் சுரண்டி எடுத்தார். உள்ளே போக வழி தெரியாமல் அங்கே ஒரு கூட்டமே மொய்த்துக்கொண்டிருந்தது.

"கொசுத்தேனீ சார். கொட்டக்கூட தெரியாது. அந்தக் கறுப்புக் குழா அதுங்க மெழுகுல கட்டுன வாசப்படி. அது இன்னா பண்ணுச்சி உங்கள?"

நான் முகத்திலிருந்த சிமென்டை வழித்துக்கொண்டே, "நீங்க காது வச்சி எங்க பேச்சக் கேக்கறீங்களேன்னு..." என்று இழுத்தேன்.

"உள்ள இதுங்க சத்தம் கீதான்னு பாப்பேன் சார். உங்க பேச்சக் கேட்டு நான் இன்னா பண்ணப் போறேன்? எங்க வூட்டுல கேக்கறதே எனக்கு ஜாஸ்தி."

"அப்ப பலாப்பழம்?"

"பழுத்துச்சி, குடுத்தேன்."

சுமதி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையன் பலகையைத் திரும்பப் பொருத்தி மண் பூசினார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க அப்பா வூடு கட்டுன வருசமே இது வந்துடுச்சி. வருசத்துக்கு ஒரு தபா அந்தப் பலகைய எடுத்து, கொஞ்சூண்டு தேன் எடுப்போம். இது போய்ட்டா அந்த வூட்ல ஆள் இருக்கக் கூடாதுன்றது எங்க குடும்பத்துப் பழக்கம். மூணு நாள் பாப்போம் நர்சம்மா. வர்லன்னா வூட்ட வுட்டுருங்க."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுமதி சூட்கேஸை எடுத்துப் புடவைகளை அடுக்கியதைத்தான் தாங்க முடியவில்லை. தாழ்ப்பாள் இல்லாத அந்த அறைக்கு அவளைத் திரும்ப அனுப்பப் போகிறோம் என்று நினைத்தால் வெட்கமாக இருந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். தலையில் இறுகிய சிமென்டை எடுக்க வழியில்லாமல் மொட்டையடித்துக்கொண்டு (எந்தக் கோயிலுக்கு என்று ஊரே விசாரித்தது) சுவரின் முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் நாள் தேனீக்கள் வெளியே சுற்றின, உள்ளே போகவில்லை. ரெண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் காலை ஒரே ஒரு தேனீ, காலில் மஞ்சளாக எதையோ சுமந்துகொண்டு வந்து ஓட்டைக்குள் நுழைந்தது. பின்னால் இன்னொன்று. நான் சுவரில் காதை வைத்தேன். உள்ளே மெலிதாக ஒரு ரீங்காரம். அந்த மொட்டைத் தலையோடு நின்று அழுதேன். சுமதி வந்து தானும் காதை வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய் சூட்கேஸைப் பிரித்தாள்.

வெள்ளையன் மன்னித்தார், ஒரு நிபந்தனையோடு. நான் மலைக்கு வருகிற ஞாயிறெல்லாம் காது வைத்துப் பார்த்து அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் எனக்கு நிஜமாகவே அண்ணனானது அப்படித்தான்.

போன வருடம் அதே ஊரில் கட்டிய அரசுக் குடியிருப்பில் இடம் கிடைத்து சுமதி மாறிவிட்டாள். அந்த வீட்டுக்கு ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் குடிவந்திருக்கிறார்கள். ஆனால் என் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி மாறவில்லை. போன வாரம் வழக்கம்போலக் கண்ணை மூடிக் காதை வைத்தேன். ரீங்காரத்துக்கு நடுவே, உள்ளேயிருந்து வாத்தியாரின் குரல் கணீரென்று கேட்டது.

"கண்ணமங்கலத்துல இருந்து வர்றாரே, அந்த ஹார்டுவேர் சார் மாதிரி தங்கமான மனுசன் உண்டா!"

வீட்டுக்கு வந்து சுமதியிடம் சொன்னேன். சிரித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"கையோட ஒரு பலாப்பழம் குடுத்துட்டு வந்துடுங்க" என்றாள். "பாவம், அவுரும் எத்தினி நாள்தான் சந்தேகத்தோடயே இருப்பாரு?"